தலை மட்டும் போதும்

இது இரவில் நடந்ததல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கரண்ட் போகவில்லை. மழை பெய்யவில்லை. நாய் ஊளையிடவில்லை. மாலை நான்கு பதினேழுக்கு, மைசூர் லட்சுமிபுரத்தில், ஜன்னல் நிறைய வெயில் இருந்த ஒரு கூடத்தில் நடந்தது. நேரம் நொடிவரை தெரியும். இயந்திரம் பதிந்து வைத்திருக்கிறது. அந்தப் பதிவு சம்யுக்தாவிடம் இன்னும் இருக்கிறது. அவள் அதை அழிக்கவில்லை. திறந்து பார்ப்பதும் இல்லை.

சம்யுக்தாவுக்கு இருபத்தைந்து வயது. இயற்பியலில் முதுகலை படித்தவள். வீட்டில் மேல்கோட்டை ஐயங்கார்களின் தமிழ், வெளியில் கன்னடம். இரண்டிலும் அதிகம் பேசமாட்டாள். பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்தால் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற பெண். வாய் திறக்காமல் செய்யக்கூடிய வேலை ஒன்று, சம்பளம் இல்லாவிட்டாலும், அவளுக்குக் கிடைத்திருந்தது. மென்பொருள் எழுதுவது.

அது எதற்கான மென்பொருள் என்று சொன்னால்தான் மற்றது புரியும். கேமராவை முக்காலியின் மேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிப் படம் எடுத்து, எல்லாவற்றையும் ஒட்டினால் ஓர் அறை முழுவதும் ஒரே படமாகிவிடும். கையால் சுழற்றினால் பிசகும். அதனால் இரண்டு மோட்டார் வைத்த கருவி ஒன்று உண்டு. ஒரு மோட்டார் கேமராவை இடம் வலமாகத் திருப்பும். இன்னொன்று மேலும் கீழும் சாய்க்கும். தொழிலில் இருப்பவர்கள் அதைத் தலை என்றுதான் சொல்வார்கள். தலையை மாட்டு. தலையைக் கழற்று. தலை சரியாகச் சுற்றுகிறதா பார்.

அந்தத் தலையை ஆட்டிவைக்கும் மென்பொருளின் பெயர் 'தலெ'. கன்னடத்தில் தலை. பிரசாந்த் என்ற மைசூர்க்காரர் எட்டு வருஷத்துக்கு முன்னால் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தது. பிறகு அவர் ஒதுங்கிக்கொண்டார். ஒரு வருஷமாகச் சம்யுக்தாதான் அதைப் பராமரிக்கிறாள். பிரசாந்தை அவள் பார்த்ததில்லை. பொறுப்பை ஒப்படைத்த கடிதத்தில் அவர் ஒரு போன் நம்பரைப் போட்டு, கீழே ஒரே வரி எழுதியிருந்தார். 'எதையாவது எடுப்பதற்கு முன்னால் கூப்பிடுங்கள்.'

எடுக்க வேண்டிய நாள் வந்தது.

பெங்களூரில் ஒரு நிறுவனம், பழைய கட்டடங்களை இடிப்பதற்கு முன்னால் அறை அறையாகப் படமெடுத்துச் சேமிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அதற்குத் 'தலெ' பொருந்துமா என்று பார்த்தார்கள். பொருந்தினால் மைசூர் வேலை முழுவதும் சம்யுக்தாவுக்கு. ஊரைவிட்டுப் போக வேண்டாம். நேர்முகத் தேர்வுகளில் போய் உட்கார்ந்து வாயடைத்துத் திரும்ப வேண்டாம். மூன்று தேர்வுகளில் அப்படித் திரும்பியிருக்கிறாள். இது போனால் அவளுக்கு வேறு வழி இல்லை.

மென்பொருளைச் சோதித்தவர் யுவன். அந்த நிறுவனத்தின் அதிகாரி. செவ்வாய்க்கிழமை வீடியோ அழைப்பில் வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இந்தப் பதினொரு வரி என்னங்க?"

சம்யுக்தாவுக்குத் தெரியும், எந்தப் பதினொரு வரி என்று.

முக்காலியின் காலில் ஒரு சிறு பெட்டி கட்டியிருக்கும். போனிலிருந்து போகும் கட்டளைகளை வாங்கி மோட்டாரிடம் கொடுப்பது அதுதான். யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் லாக் என்ற பதிவேட்டில் எழுதிவைக்கும். அந்த லாக்கில் தினமும் மாலை நான்கு மணி பதினேழு நிமிஷம் ஒன்பது நொடிக்கு ஒரு கேள்வி வரும். கேட்டது யார் என்ற இடத்தில் முகவரி இருக்காது. வெற்றிடம். கேள்வி ஒரே சொல். 'ஹெட்'.

கருவிகளுக்குள் அப்படி ஒரு கேள்வி உண்மையிலேயே உண்டு. உள்ளே இருப்பதைத் தர வேண்டாம், தலைப்பை மட்டும் காட்டு என்று அர்த்தம். தலை மட்டும் போதும். இணையத்தில் திரியும் ஏதோ ஒரு தேடுபொறி கேட்கிறது என்று சம்யுக்தா நினைத்திருந்தாள்.

பிரசாந்த் எழுதிய பதினொரு வரிகள் அந்தக் கேள்விக்குத்தான் காவல். முகவரி இல்லாமல் வந்து 'ஹெட்' என்று கேட்டால், கொடுக்காதே. இரண்டு சொல்லைத் திருப்பி அனுப்பு.

நாளெ பா.

நாளைக்கு வா என்று அர்த்தம். கர்நாடகத்தில் ஒரு காலத்தில் வீட்டுக் கதவுகளில் சாக்பீஸால் இதை எழுதிவைப்பார்கள். ராத்திரியில் ஏதோ ஒன்று வந்து, வீட்டு மனிதர்களின் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டுமாம். எழுத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். மறுநாள் வரும். மறுபடி படிக்கும். மறுபடி போகும். அதற்கு எழுத்து தெரியும். தேதி தெரியாது.

வரிகளுக்கு மேலே பிரசாந்த் ஒரு குறிப்பு வைத்திருந்தார். 'தெகீபேடி. கேள்பேடி.' எடுக்காதீர்கள். கேட்காதீர்கள்.

"சொல்லுங்க. இது சாஃப்ட்வேரா, சுவரெழுத்தா?" என்றார் யுவன்.

"அது... முதல்ல எழுதினவர்..."

"அவர் எழுதினார், சரி. காரணம் என்ன? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. போதும்."

சம்யுக்தா திரையைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள்.

"தெரியல, இல்ல? எம்.எஸ்சி. படிச்சிருக்கீங்க. பேய்க்கு பதில் எழுதி வெச்சிருக்கீங்க. இதை வெச்சுக்கிட்டு அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் குடுத்தா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. இன்னிக்கே எடுத்துடுங்க. இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

அன்று இரண்டு மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரசாந்திடம் என்ன கேட்பது என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்தாள். முதல் வரி, 'வணக்கம், தொந்தரவுக்கு மன்னிக்கவும்.' நம்பரைப் போட்டாள். அழித்தாள். முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச அவளால் முடியவில்லை. கடைசியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் வரவில்லை.

இரவு சாப்பாட்டுக்கு முன்னால் பதினொரு வரிகளையும் எடுத்தாள். அந்தக் கேள்விக்கு எல்லாக் கருவிகளும் சொல்வதுபோல 'சரி' என்று பதில் சொல்ல வைத்தாள். பரிசோதனைப் பதிப்பாக இணையத்தில் போட்டாள். ஒரே ஒருவர் இறக்கிக்கொண்டார். யுவன்.

புதன்கிழமை அவள் பெட்டியை இயக்கவே இல்லை.

வியாழக்கிழமை லட்சுமிபுரம் பங்களாவில் மாதிரிப் படப்பிடிப்பு. கேமராவுடன் வாமன் வந்தான். வாமன் அவளுடைய அம்மாஞ்சி. மாமா பிள்ளை. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். உலகத்தில் சம்யுக்தா சத்தமாகச் சண்டை போடுகிற ஒரே ஆள்.

பங்களா காலியாக இருந்தது. பின்னால் ஒற்றை அறையில் காவலுக்கு இருந்த கௌரம்மா சாவியைக் கொடுக்கவில்லை. எறிந்தாள். தமிழக எல்லையோரத்துக் கொள்ளேகால்காரி.

"படம் புடிப்பீங்க. அப்பறம் இடிப்பீங்க. அதானுங்க?"

"இடிக்கறது நாங்க இல்லம்மா," என்றான் வாமன்.

"எவன் இடிச்சா என்ன, போறது நாந்தானுங்க." முக்காலியின் மேல் வாமன் பூட்டிக்கொண்டிருந்த கருவியைப் பார்த்தாள். "இது என்னதுங்க?"

"தலை."

கௌரம்மாவின் முகம் மாறியது. "தலையா? வேல முடிஞ்சா நிக்க வெச்சுட்டுப் போயிராதீங்க. படுக்கப் போட்டுருங்க. ஒடம்பு இல்லாத தலைய நிக்க உடக்கூடாது." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுடைய அறைக் கதவில் ஏதோ வெள்ளையாக எழுதியிருந்தது. தூரத்திலிருந்து படிக்க முடியவில்லை.

வாமன் சிரித்தான். "கேட்டியா? யுவன் சார்கிட்ட போட்டுக் குடுத்துடுவேன். பங்களால ஒரு பேய், சாஃப்ட்வேர்ல ஒரு பேய்."

"சும்மா இரு."

"பாரு, என்கிட்ட மட்டும் நன்னா வாய் வரது. அந்தாள்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்தா என்ன கணே?"

'அடீ' என்பதற்கு அவன் வாயில் கன்னடத்துக் 'கணே'தான் வரும்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு முதல் சுற்று. ட்ர்ர்ர்... டக். நாற்பத்தைந்து பாகை திரும்பி நிற்கும். க்ளிக். ட்ர்ர்ர்... டக். க்ளிக். எட்டு நிறுத்தம், ஒரு வட்டம். மூன்று வட்டம், பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று. பிசகே இல்லை. இரண்டாம் சுற்று நான்கு பன்னிரண்டுக்கு முடிந்தது. தலை அதன் தொடக்க நிலைக்கு வந்து நின்றது. வாமன் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து படங்களைத் தன் போனில் பார்த்தான். ஸக்கத்தாக, அதாவது பிரமாதமாக, வந்திருக்கிறது என்றான்.

சம்யுக்தா தன் போனில் லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4:17:09. ஒரு புது வரி.

முகவரி, வெற்றிடம். கேள்வி, ஹெட். பதில்... சரி.

பழக்கத்தில் தாண்டிப் போயிருப்பாள். விரல் நின்றது. இந்த வீட்டில் இணையம் இல்லை. பெட்டியோடு பேசக்கூடியது அவள் கையிலிருந்த போன் ஒன்றுதான். வேறு எந்தக் கருவியும் இல்லை.

பிறகு, கேட்டது யார்?

ர்ர்ர்ர்ர்...

நிமிர்ந்து பார்த்தாள். தலை அசைந்துகொண்டிருந்தது. அவள் எந்தக் கட்டளையும் கொடுக்கவில்லை. அவள் எழுதிய நிரலில் தலை இப்படி அசையவும் அசையாது. திரும்பும், நிற்கும், திரும்பும், நிற்கும். இது நிற்கவில்லை. மெதுவாக, கொஞ்சம் தள்ளாடி, தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிற ஆள் மாதிரி நிமிர்ந்தது.

ஜன்னல் பக்கம் திரும்பியது. வெயில் பட்டதும் சட்டென்று விலகியது.

கூரையைப் பார்த்தது. கதவைப் பார்த்தது.

பிறகு கீழே குனிந்தது.

முக்காலியின் நடுவில், தனக்கு நேர் கீழே. அங்கே எதுவும் இல்லை. வெறும் தரை. லென்ஸ் கருவியின் அடியிலிருந்த இரும்புத் தட்டில் இடித்தது. டக். கொஞ்சம் நிமிர்ந்து மறுபடி குனிந்தது. டக். முக்காலியின் மூன்று கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. ஒன்று. இரண்டு. மூன்று. திரும்ப முதலிலிருந்து.

எதையோ தேடியது.

"சம்மு, நீயா பண்றே?" என்றான் வாமன்.

"இல்ல."

குரல் வந்த பக்கம் தலை திரும்பியது. வாமனைப் பார்த்தது.

அவன் எழுந்து இடப்பக்கம் நடந்தான். அதுவும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் வந்தான். வந்தது. அவனுக்குச் சிரிப்பு. "அடேயப்பா! ஆளைப் பாத்துண்டே திரும்பறது. எப்போ எழுதினே கணே?"

"நான் எழுதல, வாமு."

போனில் நிறுத்தத்தை அழுத்தினாள். 'நிறுத்தப்பட்டது' என்று வந்தது. தலை நிற்கவில்லை. ஓடிப்போய் முக்காலியின் காலிலிருந்த பெட்டியைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கினாள்.

மோட்டார் சத்தம் நின்றது.

தலை நிற்கவில்லை.

சத்தமே இல்லாமல் வலப்பக்கம் திரும்பியது.

வாமனின் முகமும் வலப்பக்கம் திரும்பியது.

தலை இடப்பக்கம் வந்தது. அவன் முகமும் வந்தது.

தலை குனிந்தது. வாமன் குனிந்தான். தன் கால்களைப் பார்த்தான். கைகளைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான்.

"சம்மு..." குரல் மட்டும் அவனுடையதாக இருந்தது. "நான் பண்ணல... என் கழுத்து..."

4:26.

தலை வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. நாற்பத்தைந்து பாகை. நின்றது.

தொண்ணூறு. நின்றது. வாமனின் தாடை தோளுக்கு மேல் வந்துவிட்டது. கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்தது.

மனிதக் கழுத்து அதற்கு மேல் போகாது.

அந்தத் தலை போகும். முழு வட்டம் சுற்றுவதற்காகவே செய்தது. அடுத்த நிறுத்தம் நூற்று முப்பத்தைந்து.

"படுக்கப் போடுங்க அம்மிணி!" கௌரம்மா வாசலில் நின்று கத்தினாள். உள்ளே வரவில்லை.

சம்யுக்தா தலையை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்த கையோடு அவளையும் இழுத்துக்கொண்டு திரும்பியது. முக்காலியைச் சாய்க்கப் பார்த்தாள், அது தரையில் ஊன்றியதுபோல நின்றது; தலையைப் பூட்டியிருந்த திருகாணியும் நகரவில்லை. வாமனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல் இல்லை. வெறும் சத்தம்.

பதினொரு வரிகள்.

எடுத்தவள் அவள். போட வேண்டியவளும் அவள். பேட்டரி இல்லை. எழுத நேரம் இல்லை.

வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றெட்டு...

"நா..." காற்றுதான் வந்தது. "நாளெ..."

நூறு.

"நாளெ பா!"

பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. கூடம் முழுக்க எதிரொலித்தது. நாளெ பா... பா... பா...

தலை நின்றது.

வாமனை விட்டுத் திரும்பியது. மிக மெதுவாக. சம்யுக்தாவின் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. லென்ஸுக்குள் அவளுடைய முகம் சின்னதாகத் தெரிந்தது.

க்ளிக்.

அது வந்ததிலிருந்து எடுத்த ஒரே படம். சொன்னது யார் என்று குறித்துக்கொண்டதுபோல.

பிறகு தலை தொங்கியது. வாமன் விழுந்தான். மணி நான்கு முப்பத்தொன்று.

ஆஸ்பத்திரியில் கழுத்துச் சுளுக்கு என்றார்கள். பட்டை போட்டார்கள். எப்படி இவ்வளவு திருப்பினீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பிரசாந்தைக் கூப்பிட்டாள். இந்தமுறை தாளில் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. கன்னடத்தில்தான் பேசினார்கள். அவள் பெயரைச் சொன்னதுமே அவர் கேட்டார்.

"எடுத்துட்டீங்களா?"

"ஆமா."



"எவ்வளவு நேரம் இருந்தது?"

"பதினாலு நிமிஷம்."

"நான் அதுக்குத் தலையைக் கொடுத்ததே இல்லைம்மா. ஒரு தடவைகூட. முதல் நாள் அந்தக் கேள்வி வந்தபோது பெட்டி இணையத்துல இல்லை. எதுலயும் இல்லை. அன்னிக்கே எழுதிட்டேன். எங்கிருந்து வருதுன்னு கேட்காதீங்க, எனக்குத் தெரியாது. இப்ப திரும்பப் போடும்போது ஹெட்டுக்கு மட்டும் போடாதீங்க. முகவரி இல்லாம எது கேட்டாலும் நாளெ பான்னு போடுங்க."

"ஏன் சார்?"

"தலை கிடைச்சிடுச்சு இல்ல? அடுத்தது என்ன கேக்கும்னு எனக்குத் தெரியாது."

அன்றே அவர் சொன்னபடி வரிகளைத் திரும்பப் போட்டாள். பழைய பரிசோதனைப் பதிப்பை இணையத்திலிருந்து எடுத்தாள். அதை வைத்திருந்தவர் ஒரே ஒருவர். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அவரை அவளே கூப்பிட்டாள்.

"சார், அந்தப் பதிப்பை இயக்காதீங்க. புதுசு அனுப்பியிருக்கேன்."

"பதினொரு வரி திரும்ப வந்தாச்சா?"

"வந்தாச்சு சார். காரணம் சொல்றேன்..." சொன்னாள். முழுவதும் சொன்னாள். யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை.

யுவன் சிரித்தார். "அன்னிக்கு வாயில கொழுக்கட்டை. இன்னிக்குக் கதாகாலட்சேபமா? சாயங்காலம் நாலு மணிக்கு லேப்ல ஆன் பண்றேன், உங்க பழைய பதிப்பையே. பேய் வந்தா உட்காரவெச்சுக் காபி குடுக்கறேன். போதுமா?"

"சார், வேணாம்..."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஏழு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை. தன் வீட்டு மேசையில் பெட்டியை இயக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். தலையை மாட்டவில்லை. அது கட்டிலில் படுத்த நிலையில், ஒரு துண்டால் மூடிக் கிடந்தது.

4:17:09. வரி வந்தது.

முகவரி, வெற்றிடம். பதில், நாளெ பா.

கேள்விதான் மாறியிருந்தது. 'ஹெட்' இல்லை. 'கெட்'.

கருவிகளின் மொழியில் அதற்கும் அர்த்தம் உண்டு. தலைப்பு மட்டும் போதாது, அதன் கீழே இருப்பதும் வேண்டும் என்று கேட்பது. கீழே இருப்பதற்கு அந்த மொழியில் வைத்திருக்கும் பெயர், உடம்பு.

யுவனின் லேப்பில் ஓடிக்கொண்டிருந்த பழைய பதிப்பில் இந்தக் கேள்விக்குக் காவல் இல்லை. அவள் அவரை மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மாலை நான்கு பதினேழுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. யுவனிடமிருந்து. 'மென்பொருள் ஏற்கப்பட்டது.' அவள் காத்திருந்த வேலை. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. நான்கு இருபதுக்குப் போன் அடித்தது. அவருடைய நம்பர்.

"சார்?"

குரல் அவருடையதுதான். கிண்டல் இல்லை. அவசரம் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் நின்று, அடுத்த சொல்லுக்குத் திரும்புவதுபோலப் பேசியது.

"சம்யுக்தா... நாளைக்கு... வரச்... சொன்னீங்க..."

அவள் வாசற்கதவைப் பார்த்தாள்.

"வந்துட்டேன்... மைசூருக்கு..."

இந்தமுறை குரல் வந்தது. "நாளெ பா," என்றாள்.

 பிறகு, பெட்டி சொல்வதுபோல ஒரே சொல்.

"சரி."

திங்கட்கிழமை காலை அந்த நிறுவனத்திலிருந்து சொர்ணலதா என்ற பெண் கூப்பிட்டாள். யுவன் மைசூரில் சம்யுக்தாவைப் பார்த்தாரா என்று கேட்டாள். சனிக்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து, சம்யுக்தாவின் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாராம். அதில் அவள் எழுதிக் கொடுத்த வீட்டு முகவரி இருந்தது. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கும் போகவில்லை.

"அவருக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று சம்யுக்தா கேட்டாள்.

"தெரியலைங்க. நல்லாத்தான் இருந்தாராம். ஆனா வாட்ச்மேன் ஒண்ணு சொன்னாரு. வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு லேப்லேருந்து வெளியே வந்தாராம். வாட்ச்மேன் வணக்கம் வெச்சிருக்காரு, கவனிக்கவே இல்லையாம். குனிஞ்சு தன் காலையே பார்த்துக்கிட்டு நடந்தாராம். நின்னு நின்னு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்." அவள் லேசாகச் சிரித்தாள். "புதுச் சட்டை போட்ட குழந்தை மாதிரின்னு சொன்னாரு."

யுவன் இன்றுவரை வீடு திரும்பவில்லை.

வாமனுக்குக் கழுத்து சரியாகிவிட்டது. ஆனால் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அவன் தலையை மட்டும் திருப்புவதில்லை. முழு உடம்போடு திரும்புகிறான்.

சம்யுக்தா வீட்டு வாசற்கதவில் சாக்பீஸால் கன்னடத்தில் இரண்டு சொல் எழுதியிருக்கிறாள். தினமும் காலையில் அதன் மேலேயே மறுபடி எழுதுகிறாள். நான்கு மணிக்கு மேல் கதவைத் திறக்க வேண்டாம், ஏன் என்று கேட்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

மேசையில் பெட்டி இப்போதும் இயங்கிக்கொண்டிருக்கிறது. லாக்கில் மாலை நான்கு பதினேழுக்கு எந்தக் கேள்வியும் வருவதில்லை.

அந்த நேரத்துக்கு வாசல் மணி அடிக்கிறது.